போலீசுக்குக் கொடுத்த போட்டோ

எங்க அம்மாவுக்கு எண்பத்தி மூணு வயசு. ரெண்டு கண்ணுலயும் பார்வை மங்கிகிட்டே வருது. இந்த வருஷம் தாண்டினா வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும்னு கண் டாக்டர் கையை விரிச்சுட்டார். அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டில்ல உட்கார்ந்து முந்தானையால முகத்தைத் துடைச்சுகிட்டு, "அந்தப் போட்டோவ வாங்கியா. கண்ணு போறதுக்குள்ள ஒரு தபா பார்த்துக்கறேன்"னு சொன்னாங்க. பக்கத்துக் கடையில உப்பு வாங்கிட்டு வான்னு சொல்ற மாதிரி.

எந்தப் போட்டோன்னு நான் கேட்கல. எங்க வீட்டுல அந்தப் போட்டோன்னா ஒண்ணே ஒண்ணுதான். என் தங்கச்சி போட்டோ. அவளுக்கு அஞ்சு வயசு, எனக்கு ஏழு. தங்கச் சுரங்கத்து ஆளுங்க குடியிருக்கிற வரிசை வீடுங்க, அதான் எங்க லைன், அதுக்கு எதிர்ல இருக்கிற குழாயடியில ஒரு சாயங்காலம் விளையாடிகிட்டு இருந்தவளை யாரோ தூக்கிட்டுப் போய்க் கொன்னுட்டாங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தேடறதுக்குப் போட்டோ வேணும்னு போலீஸ் கேட்டாங்க, எங்க அப்பா, நைனான்னுதான் கூப்பிடுவோம், வீட்டுல இருந்த ஒரே போட்டோவை எடுத்துக் கொடுத்தார். கேஸ் கட்டோட போன போட்டோ போனதுதான், திரும்பி வரல. அவளோட முகத்தை அம்மா கடைசியாப் பார்த்தது அந்தச் சாயங்காலம்தான். பிரேதத்தைக்கூட அவங்களுக்குக் காட்டல.

நான் முப்பது வருஷம் விடியற்காலை ரயிலைப் பிடிச்சு பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனியில டைப் அடிச்சவ. ஆபீஸ்னா இன்னா, ஃபைலுன்னா இன்னான்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தத் திமிர்லதான் கிளம்பினேன். ஒரே வாரத்துல திமிர் இறங்கிடுச்சு.

முதல் ஆபீஸ்ல ஒரு குமாஸ்தா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக் கேட்டுட்டு, "குழந்தை கிடைச்சுதா?"ன்னு கன்னடத்துல கேட்டார். செத்துப் போச்சு சார்னேன். "அப்போ போட்டோ எதுக்கும்மா? செத்தவங்களை நாங்க தேடறதில்லையே"ன்னார். கிண்டல் இல்லை. நெசமாவே சந்தேகம் கேட்கிறார் மனுஷன். நான் என் பையை எடுத்துகிட்டு வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னு ஒரு பாட்டில் தண்ணியை மடமடன்னு குடிச்சேன். குடிக்காம இருந்திருந்தா என் வாயில இன்னா வந்திருக்குமோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ரெண்டாவது இடத்துல எல்லாம் கம்ப்யூட்டர். சம்பந்தப்பட்டவரோட ஆதார் நம்பரைச் சொல்லுங்கன்னாங்க. ஆதார் வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி செத்துப்போன குழந்தைக்கு நான் எங்கே போய் ஆதார் வாங்குவேன்? "அது சரி மேடம், ஆனா அந்தக் கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் எடுத்துக்காது." என் நம்பரைப் போடுங்கன்னேன். அப்போ செத்துப் போனது நீங்கன்னு வந்துடும்னாங்க. வரட்டும்னேன். அதுக்கும் ஒத்துக்கல.

அப்பால கோலாருக்குப் போன்னாங்க. கோலார்ல பங்காருபேட்டையில கேளுன்னாங்க. பங்காருபேட்டையில ஒருத்தர், சி ரிப்போர்ட் போட்ட கேஸ் கட்டெல்லாம் எங்கே கிடக்குதோன்னார். குத்தவாளி யாருன்னு தெரியலன்னு எழுதி மூடறதுக்கு இங்கே அந்தப் பேரு. கரையான் தின்னிருக்கும், இல்லன்னா மழையில ஊறியிருக்கும், நிம்மதியா வீட்டுக்குப் போங்கன்னு அவரே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனசுக்காரங்க செய்யற தொல்லை இருக்கே, அதைத் தாங்கவே முடியாது. சண்டை போடவும் விட மாட்டாங்க.

ஒவ்வொரு நாளும் நான் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அம்மா உள்ளேயிருந்து, "வந்துச்சா?"ன்னு கேட்பாங்க. இல்லைன்னு சொல்வேன். "நீ சரியாக் கேட்டிருக்க மாட்டே. எடுத்தெறிஞ்சு பேசியிருப்பே"ம்பாங்க. எரிஞ்சு விழுவேன். அவங்க சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு, அந்தப் போட்டோவுல அவ எப்படி ஸ்டூல் மேல உட்கார்ந்திருப்பா, பச்சைப் பிராக்குல வெள்ளைக் காலர் எப்படி இருக்கும், பின்னாடி திரைச்சீலையில இன்னா பூ போட்டிருக்கும்னு ஒண்ணொண்ணாச் சொல்ல ஆரம்பிப்பாங்க. அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கண்ணு கொஞ்சம் கம்மியாத் தெரியற ஆள் சொல்ற மாதிரி இருந்துச்சு.

இந்த லட்சணத்துல யூடியூப்காரங்க வேற. இப்பல்லாம் பழைய கொலைக் கேஸைத் தோண்டறது ஒரு தொழிலாயிடுச்சு. மூணு கோஷ்டி வந்துட்டுப் போயிட்டாங்க. முதல் கோஷ்டி எங்க வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, இதுதான் அந்த வீடான்னு கேட்டாங்க. இல்ல, அதை வித்துட்டு வேற வாங்கினோம்னு சொன்னேன். ரெண்டாவது வந்தவன் அம்மா அழுதப்ப மைக் ஆன் ஆகல, இன்னொரு தடவை அழச் சொல்லுங்கன்னான். துடைப்பத்தை எடுத்தேன். மூணாவது கோஷ்டி துடைப்பத்தைப் பார்த்துட்டு கேட்டுக்கு வெளியவே படம் எடுத்துட்டுப் போய், மர்ம வீடுன்னு போட்டாங்க.

நாலாவதா வந்தவன் தனியா வந்தான். பெங்களூர்ப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். அவங்க தாத்தாவும் எங்க சுரங்கத்துல வேலை பார்த்தவராம். தமிழ் பேசறான், ஆனா மூணு வார்த்தைக்கு ஒரு கன்னடம், ரெண்டு இங்கிலீஷ். உட்காரச் சொல்லல நான். நின்னுகிட்டே ஒரு கேள்வி கேட்டான்.

"ஆன்ட்டி, ஒரு விஷயம் புரியல. குழந்தை காணாமப் போனா முதல்ல பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன்லதானே பார்ப்பாங்க? இங்கே மட்டும் ஏன் மூணு நாள் யாரும் அங்கே போகல?"

ஐம்பது வருஷமா யாரும் கேட்காத கேள்வி. உட்காருன்னேன்.

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு பழக்கம். எது காணாமப் போனாலும் கீழேதான் பார்ப்பாங்க. ஆடு காணோமா, மூடின குழியில பாரு. குடிச்சவன் வீட்டுக்கு வரலையா, பழைய ஷாஃப்ட்ல எட்டிப் பாரு. நூறு வருஷமா பூமிக்குள்ள போயி வந்த ஜனம், எதுவா இருந்தாலும் பூமிதான் முழுங்கியிருக்கும்னு நம்பும். என் தங்கச்சி காணோம்னதும் லைன்ல இருந்த அத்தனை ஆம்பளைங்களும் கயிறையும் தொப்பி விளக்கையும் எடுத்துகிட்டு, கைவிட்டுப்போன குழிகளுக்குள்ள இறங்கிட்டாங்க. ஷிப்ட் முடிச்சு, கேஜ்னு சொல்ற கூண்டு லிஃப்ட்ல மேல வந்தவங்க வீட்டுக்குப் போகாம நேரா அடுத்த குழிக்குப் போனாங்க. நைனா மூணு நாள் மேலயே வரல. யாரும் சோம்பேறியா இருக்கல. அதுதான் எரிச்சல். ஊரே உசிரைக் கொடுத்துத் தேடுச்சு, இல்லாத இடத்துல. போலீசும் நல்லதாப் போச்சுன்னு அவங்களே தேடட்டும்னு விட்டுட்டாங்க.

அவ இருந்தது பேத்தமங்களா ஏரிப் பக்கம் ஒரு வயல்ல. ஆறாம் நாள் தண்ணி பாய்ச்சப் போனவங்க பார்த்தாங்க. நைனா போய்ப் பிராக்கை வச்சு அடையாளம் சொன்னார். அம்மாவை வர விடல.

பையன் எதையும் எழுதிக்கல, படம் பிடிக்கல. கேட்டுட்டு, "நான் இன்னா செய்யணும் ஆன்ட்டி?"ன்னான். அந்தப் போட்டோவைக் கொண்டு வா, அப்பால எவ்வளவு வேணுமோ பேசறேன்னேன். வர மாட்டான்னு நினைச்சுத்தான் சொன்னேன்.

வந்துட்டான். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம், அம்மா சாப்பிட்டு உள்ளே படுத்திருந்த நேரம். சொந்தக்காரர் ஒருத்தர் வக்கீலாம். அவரைக் கூட்டிகிட்டு கோர்ட்டுல பழைய ரெக்கார்டு வச்சிருக்கிற ரூமுக்குள்ள போயி மூணு நாள் தூசி தின்னு தும்மித் தும்மித் தேடியிருக்கான். கட்டு கிடைச்சிருக்கு. ஒரிஜினலைத் தர மாட்டேன்னுட்டாங்களாம், ஆனா செல்லுல எடுத்துக்க விட்டிருக்காங்க. முப்பது வருஷம் ஆபீஸ்ல குப்பை கொட்டினவளுக்குக் கிடைக்காதது இந்தப் பொடியனுக்குக் கிடைச்சுதுன்னு எனக்குப் பொறாமைகூட வந்துச்சு. மேசை மேல ஒரு பெரிய கவரை வச்சான்.

"பாட்டிக்குக் கண்ணு சரியில்லன்னீங்களே, போட்டோவைப் பெரிசா பிரிண்ட் போட்டுட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் படிக்கிறேன், கேளுங்க."

அது ஒரு சாட்சி கொடுத்த வாக்குமூலம். கன்னடத்துல கையால எழுதினது. அவன் விரலை வச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சுத் தமிழ்ல சொன்னான். எங்க ஊர்ல பேத்தமங்களாவுக்குப் பஸ் ஏறுற இடத்துல வேர்க்கடலை வித்த ஒரு அம்மா. காணாமப் போன அன்னைக்குச் சாயங்காலம் ஒரு ஆள் ஒரு சின்னப் பொண்ணைக் கையைப் பிடிச்சு இழுத்துகிட்டு வந்து பஸ் ஏத்தினதைப் பார்த்திருக்காங்க. பொண்ணு அழுதுகிட்டு இருந்துச்சு. பச்சைப் பிராக்கு, வெள்ளைக் காலர். அந்த ஆள் ஞாயித்துக்கிழமை தவறாம கடலை வாங்க வர்றவன், எங்கே பார்த்தாலும் அடையாளம் காட்டுவேன்னு சொல்லியிருக்காங்க.

பேப்பரை என் பக்கம் இழுத்துகிட்டேன். "பின்ன ஏன் அவனைப் பிடிக்கல?"

"அதுதான் ஆன்ட்டி. அஞ்சாம் நாள் போலீஸ் நம்ம போட்டோவைக் காட்டியிருக்காங்க. இந்தம்மா பார்த்துட்டு, பிராக்கு இதே மாதிரிதான், ஆனா குழந்தை இது இல்லன்னு சொல்லிடுச்சு. எத்தனையோ தடவை கேட்டும் இது இல்லவே இல்லன்னுட்டாங்க. முன்னாடி ஒரு கிறிஸ்மஸுக்கு லைன்ல பாதிக் குழந்தைங்க ஒரே துணியில தைச்சுப் போட்டிருந்தாங்களாம். அதனால அது வேற குழந்தைன்னு முடிவு பண்ணி சாட்சியைத் தள்ளிட்டாங்க. டெட் எண்டு."

கவரைப் பிரிச்சேன்.

ஸ்டூல் இருந்துச்சு. திரைச்சீலைப் பூ இருந்துச்சு. பிராக்கு இருந்துச்சு, கறுப்பு வெள்ளையில. குழந்தை பல்லெல்லாம் காட்டிச் சிரிச்சுகிட்டு இருந்துச்சு. வலது கை முட்டிக்குக் கீழ ஒரு தழும்பு, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. நாலு வயசுல மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல சுட்டுகிட்டது. பிரிண்ட் பெரிசா இருந்ததால அதோட சுருக்கம்கூடத் தெரிஞ்சுது. நான் என் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன்.

நான்தான்.

எனக்குச் சின்ன வயசுல போட்டோவே எடுத்தது இல்லன்னு வாழ்நாள் முழுக்க நினைச்சுகிட்டு இருந்தவ நான். அவளுக்குப் போட்டோ இருந்துச்சு, எனக்கு இல்லைன்னு செத்துப்போன குழந்தை மேல பொறாமைப்பட்டிருக்கேன், வெட்கத்தை விட்டுச் சொல்றேன். அந்தப் பிராக்கு முதல்ல எனக்குத்தான் தைச்சது. ரெண்டு வருஷம் கழிச்சு எனக்குப் பத்தாம அவளுக்கு வந்துச்சு. காணாமப் போன அன்னைக்கு அவ போட்டிருந்தது அதுதான்.

நைனாவுக்கு எங்க முகம் சரியாத் தெரியாது. இப்படிச் சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு விளங்காது. நாங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி ஷிப்டுக்குப் போவார், இல்லன்னா நாங்க பள்ளிக்கூடம் போனதும் வந்து தூங்குவார். பெரிசு, சின்னது, அவ்வளவுதான் அவருக்கு. மூணு நாள் குழிக்குள்ள கிடந்து கண்ணெல்லாம் மண்ணா மேல வந்திருக்கார். அம்மா வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில. வாசல்ல போலீஸ்காரர் நின்னு, இன்னா துணி போட்டிருந்துச்சு, போட்டோ இருக்கான்னு கேட்கிறார். பிராக்கைப் பார்த்தார், எடுத்துக் கொடுத்துட்டார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அப்பால எப்பவோ அவருக்கே விளங்கியிருக்கணும். அம்மா போட்டோவைக் கேட்கிறப்பல்லாம் மனுஷன் செருப்பை மாட்டிகிட்டு வெளியே போயிடுவாரே. கல்நெஞ்சுக்காரர்னு அவரைத் திட்டியிருக்கேன். நெஞ்சு நோவு வந்து படுத்த படுக்கையா இருந்தப்பகூடத் திட்டினேன்.

அம்மாவுக்கு? அந்தப் போட்டோ ரெண்டு வருஷம் சுவத்துல தொங்கினப்ப அது நான்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஐம்பது வருஷம் கண்ணுக்குள்ள வச்சு அழுதழுது என் முகம் அவ முகமா மாறிப்போச்சு. எனக்கும் அப்போ தெரிஞ்சுதான் இருக்கும், அவங்க சொல்லிச் சொல்லிக் கேட்டு நானும் மறந்துட்டேன்.

அந்தக் கடலைக்காரி சரியாத்தான் சொல்லியிருக்கா. இது அந்தக் குழந்தை இல்லைன்னு ஒத்தைக் கால்ல நின்னிருக்கா. ஊர்ல கண்ணு தெரிஞ்சவ அவ ஒருத்திதான் போல. அவளைப் போய் உதவாத சாட்சின்னு தள்ளிட்டாங்க. நான் வீட்டுப்பாடம் எழுதிகிட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கேன், போலீஸ் என் மூஞ்சியைத் தூக்கிகிட்டு என்னை ஊரெல்லாம் தேடியிருக்கு. அவளை யாருமே தேடல. ஒருத்தர்கூடத் தேடல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, ஆனா யார் மேல காட்டறது? கத்தணும் போல இருந்துச்சு. கத்தறதுக்கு ஆள் இல்லை.

"ஆன்ட்டி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சே. போட்டோவுல ஏதாச்சும் இருக்கா?"ன்னான் பையன். ரெண்டு கண்ணும் பளபளன்னு இருக்கு அவனுக்கு.

சொன்னா துள்ளிக் குதிப்பான். ஐம்பது வருஷ மர்மம் உடைஞ்சதுன்னு போடுவான். நைனா மூஞ்சியைச் சுத்தி சிவப்பு வட்டம் போடுவான். கெட்ட பையன் இல்லை, ஆனா அவன் தொழில் அது. சொல்லி இன்னா ஆகப் போவுது? கடலைக்காரம்மா செத்திருப்பாங்க. அந்தப் படுபாவியும் எங்கேயோ வயசாகி, கட்டில்ல படுத்து, பேரன் கையால தண்ணி குடிச்சு செத்திருப்பான். அதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது. ஆனா சொல்லாம இருந்தா அவ கேஸுக்குக் கிடைச்ச ஒரே துப்பையும் நானே புதைக்கிறேன். என் கூடப் பிறந்தவ அவ. இதுவும் ஒரு பாவம்தான்.

உள்ளேயிருந்து அம்மா குரல். "யாரு வந்துகிறது? வந்துச்சாடி?"

பையன் கேமராவைக் கையில எடுத்துட்டான். "ஒரே ஒரு ஷாட் ஆன்ட்டி, ப்ளீஸ்."

"வை கீழே. எடுத்தே, உன்னையும் சேர்த்துத் தூக்கி ரோட்டுல போட்டுடுவேன்."

வச்சுட்டான். போட்டோவுல இன்னா பார்த்தீங்கன்னு மறுபடி கேட்டான். ஒண்ணும் இல்ல தம்பி, பழைய ஞாபகம்னேன். நம்பினானான்னு தெரியல. இனி அவனுக்குச் சோறு போட்டு அனுப்பணும்னு மட்டும் நினைச்சேன்.

பிரிண்டை எடுத்துகிட்டு உள்ளே போனேன். அம்மா எழுந்து ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துட்டாங்க. பைபிள் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். என் வலது கையை முந்தானைக்குள்ள சுருட்டிகிட்டு நின்னேன். அவங்க படத்தை மூக்குக்கு அரை விரக்கடை தூரத்துல வச்சு, மேல இருந்து கீழ வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் பார்த்தாங்க. ஸ்டூலைப் பார்த்தாங்க, பூவைப் பார்த்தாங்க. தழும்பு இருக்கிற கைக்கு வந்தாங்க. அதையும் தாண்டி முகத்துக்குத் திரும்பி வந்துட்டாங்க.

"வந்துட்டியா என் கண்ணு. வந்துட்டியா. எத்தினி வருசம் ஆக்கிட்டே."

அழுதாங்க. சத்தம் இல்லாத அழுகை. கண்ணாடி மேல சொட்டினதைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாங்க. எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது. அழுகை ஓய்ஞ்சதும் பழைய அம்மா ஆயிட்டாங்க. படத்தை மடியில வச்சுகிட்டு, தெரியாத கண்ணால என்னைத் தேடி நிமிர்ந்து பார்த்தாங்க.

"பாருடி, எப்படிச் சிரிச்சுகினு இருக்குது என் பொண்ணு. நீயும் இருக்கியே. பொறந்ததுல இருந்து ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்கியா?"

"இல்லம்மா"ன்னேன். "எனக்கு அதெல்லாம் வராது."